ஒரு மகுடம், இரண்டு ராஜ்யங்கள்: ஆங்கிலம் கற்போருக்கு அரண்மனைகளும் ஸ்காட்லாந்தின் சம்பிரதாயங்களும்

ஆங்கில இலக்கணத்தில் ஓரளவு தேர்ச்சி பெற்று, பத்திரிகைகளையும் நாவல்களையும் அகராதியின் துணைகொண்டு படிக்கத் தொடங்கிய மாணவர், ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்திருந்தும் வாக்கியத்தின் கருத்துப் பிடிபடாத ஒரு கட்டத்துக்கு விரைவிலேயே வந்து சேருகிறார். மன்னர் பால்மோரலுக்குச் சென்றிருக்கிறார் என்றோ, ஹோலிரூட் ஒரு மசோதாவை நிறைவேற்றியது என்றோ, பர்ன்ஸ் விருந்தில் ஹாகிஸ் பரிமாறப்பட்டது என்றோ செய்தி வரும்போது அகராதி அவருக்கு உதவுவதில்லை. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் உள்ள வீடுகளையும் மனிதர்களையும் வழக்கங்களையும் அறிந்தவருக்கே அவ்வாக்கியங்கள் பொருள் தரும். அந்த அறிவைத் தருவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். பிரிட்டனுக்குப் பிரயாணம் செய்யப்போகிறவர் இதை வழித்துணையாகக் கொள்ளலாம். சொந்த ஊரிலிருந்தபடியே மொழியைப் பயில்கிறவர், தாம் படிப்பதைக் கண்முன் நிறுத்திக்கொள்ள இதைப் பயன்படுத்தலாம்.

முதலில் மனத்தில் பதிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. நம்மில் பெரும்பாலோர் இங்கிலாந்து என்ற பெயரைத் தீவு முழுவதற்கும் சூட்டிப் பேசிப் பழகியிருக்கிறோம். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரிடம் அவ்வாறு பேசினால் அவர் மனம் வருந்தும், அந்த வருத்தமும் நியாயமானதே. 1603ஆம் ஆண்டில் முதலாம் எலிசபெத் ராணி சந்ததியின்றி மறைந்தபோது, ஸ்காட்லாந்தில் ஆறாம் ஜேம்ஸ் என்ற பெயரோடு ஆண்டுகொண்டிருந்த மன்னரே இங்கிலாந்தின் சிம்மாசனத்திலும் முதலாம் ஜேம்ஸாக அமர்ந்தார். சிறிய ராஜ்யத்தின் அரசருக்கு வாரிசுரிமையால் பெரிய ராஜ்யம் வந்து சேர்ந்ததேயன்றி, பெரியது சிறியதைப் போரில் வென்று கைக்கொள்ளவில்லை. 1707இல் இரு பார்லிமெண்டுகளும் ஒன்றாக இணைந்தன. அந்த இணைப்பின்போதும் ஸ்காட்லாந்து தன் சட்டத்தையும், நீதிமன்றங்களையும், திருச்சபையையும், கல்விமுறையையும் விட்டுக்கொடுக்கவில்லை. 1999இல் தனக்கென ஒரு பார்லிமெண்டையும் மீண்டும் பெற்றது. ஆகவே தீவைக் குறிக்கப் பிரிட்டன் என்றும், வட அயர்லாந்தையும் சேர்த்துச் சொல்லும்போது ஐக்கிய ராஜ்யம் என்றும், வடக்கே வாழும் மக்களை ஸ்காட்டிஷ் என்றும் சொல்லிப் பழகுங்கள். ஸ்காட்ச் என்ற சொல்லை விஸ்கிக்கு விட்டுவிடலாம்.

கல்வியைப் பற்றிச் சொன்ன இடத்தில், தமிழருக்கு உரிமையுள்ள ஒரு செய்தியையும் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் பழைய பல்கலைக்கழக நகரில் 1753இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், சென்னைக்கு வந்து, பட்டாளத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியின் பொறுப்பை ஏற்றிருந்த காலத்தில், நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அந்த முறையைத் தம் விடுதியிலும் புகுத்தினார்; மூத்த மாணவரைக் கொண்டே இளைய மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கேதான் சோதித்துப் பார்த்தார். தாயகம் திரும்பிய பின் 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வழியாக அது மதராஸ் முறை என்ற பெயரில் பிரிட்டன் முழுவதும் பரவியது. அவர் அளித்த பொருளைக் கொண்டு அவருடைய சொந்த ஊரில் 1833இல் நிறுவப்பட்ட பள்ளிக்கு இன்றும் மதராஸ் காலேஜ் என்றே பெயர்.

இனி அரண்மனைகள். அரச குடும்பத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மாளிகைகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை என்று எண்ணுவது பலவிதக் குழப்பங்களுக்கு இடமாகும். லண்டனில் உள்ள பக்கிங்ஹாம், தேம்ஸ் நதிக்கரையில் உள்ள விண்ட்ஸர், எடின்பராவில் உள்ள ஹோலிரூட் ஆகியவை மகுடத்துக்கு உரிய உத்தியோக வாசஸ்தலங்கள். மன்னர் அவற்றில் வாழலாம், விற்க இயலாது. பால்மோரலும், இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக்கில் உள்ள சாண்ட்ரிங்ஹாமும் மன்னரின் சொந்தச் சொத்து. இந்த பேதம் எவ்வளவு உண்மையானது என்பதை 1936ஆம் ஆண்டு உலகம் கண்டது: எட்டாம் எட்வர்ட் சிம்மாசனத்தைத் துறந்தபோது விண்ட்ஸரும் பக்கிங்ஹாமும் தாமாகவே தம்பியாகிய ஆறாம் ஜார்ஜைச் சேர்ந்தன, பால்மோரலையும் சாண்ட்ரிங்ஹாமையுமோ, அண்ணனுக்கு விலை கொடுத்தே தம்பி வாங்க வேண்டியிருந்தது. அரசர் எவரும் இப்போது வசிக்காத, சரித்திரச் சின்னங்களாக மட்டும் போற்றப்படும் லண்டன் கோபுரக் கோட்டை, ஹாம்ப்டன் கோர்ட், ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டை போன்றவை மூன்றாவது வகை.

மன்னர் உள்ளே இருக்கிறாரா என்பதைக் கொடிமரம் சொல்லிவிடும். அவர் இருக்கும் வேளையில் அவருக்கே உரிய ராஜக் கொடி பறக்கும். ஸ்காட்லாந்தில் பறக்கும் ராஜக் கொடியில் செஞ்சிங்கம் நான்கு கட்டங்களில் இரண்டைப் பிடித்துக்கொள்ளும், இங்கிலாந்தில் பறப்பதில் ஒன்றில் மட்டுமே நிற்கும். அவர் இல்லாத வேளையில் பக்கிங்ஹாமிலும் விண்ட்ஸரிலும் பிரிட்டனின் தேசியக் கொடியைக் காணலாம். ஹோலிரூடிலும் பால்மோரலிலும் மஞ்சள் நிறத் துணியில் செஞ்சிங்கம் தாவி நிற்கும் பழைய ஸ்காட்லாந்து அரசரின் கொடி பறக்கும்.

விண்ட்ஸரைப் பற்றியும் பக்கிங்ஹாமைப் பற்றியும் எல்லா நூல்களும் விரிவாகச் சொல்லுவதால் இங்கே சுருக்கமே போதும். சுமார் 1070இல் வில்லியம் அரசர் கட்டத் தொடங்கிய விண்ட்ஸர், மக்கள் இன்றும் வசிக்கும் கோட்டைகளில் உலகிலேயே பெரியது. 1992 நவம்பர் 20 அன்று அங்கே மூண்ட தீ நூற்றுக்கு மேற்பட்ட அறைகளைச் சேதப்படுத்தியது. ஐந்து ஆண்டுகளில் கைதேர்ந்த தச்சரும் சிற்பியரும் அவற்றைப் பழையபடி எழுப்பிவிட்டனர். அதற்கான செலவை ஈடு செய்வதற்காகவே 1993ஆம் ஆண்டுக் கோடையில் பக்கிங்ஹாம் அரண்மனையின் ராஜ மண்டபங்கள் முதன்முறையாகப் பொதுமக்களுக்குக் கட்டணத்தோடு திறக்கப்பட்டன. விண்ட்ஸருக்குள் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் பத்து மன்னர்களுக்கு மேல் அடக்கமாகியிருக்கிறார்கள். இரண்டாம் எலிசபெத் ராணியும் அங்கேதான் துயில்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அது வழிபாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

என் அபிப்பிராயத்தில், மொழி கற்பவர் தம் நேரத்தின் பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டிய நகரம் எடின்பராதான். எழுத்துக்களை நம்பி அதன் பெயரின் ஈற்றில் பர்க் என்று முடிப்பவர்கள் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். லண்டனின் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து நாலரை மணி நேர ரயில் பிரயாணத்துக்குப் பின் நீங்கள் வந்து இறங்கும் நிலையத்துக்கு வேவர்லி என்று பெயர். அது ஸர் வால்டர் ஸ்காட் 1814இல் எழுதிய நாவலின் பெயர். ஒரு நாவலின் பெயரைத் தலைநகரின் பிரதான ரயில் நிலையத்துக்கு இட்டு வழங்கும் மக்கள் இலக்கியத்தை எவ்வளவு நேசிக்கிறார்கள் என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை. நிலையத்தை விட்டு வெளியே வந்தால், அறுபது மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அவருடைய நினைவுச் சின்னமும் கண்ணில் படும்.

மேற்கே எரிமலைப் பாறையின் உச்சியில் கோட்டை. கிழக்கே பள்ளத்தில் ஹோலிரூட் அரண்மனை. இரண்டையும் இணைத்து ஒரு மைலுக்குச் சற்று அதிகமாக இறங்கிச் செல்லும் பழைய வீதிக்கு ராயல் மைல் என்று பெயர். இதை மேலிருந்து கீழாகவே நடக்க வேண்டும். கால்களுக்கு நன்மை என்பதோடு, சரித்திரமும் அந்த வரிசையில்தான் தெளிவாக விளங்கும். கோட்டைக்குள் முதலில் பார்க்க வேண்டியது, முதலாம் டேவிட் அரசர் தம் தாயின் நினைவாகச் சுமார் 1130இல் எழுப்பிய செயின்ட் மார்கரெட் சிற்றாலயம். சிலரே நிற்கக்கூடிய அச்சிறு கட்டடம்தான் நகரில் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழமையானது. அடுத்து, ஸ்காட்லாந்தின் ராஜ சின்னங்களாகிய மகுடமும், செங்கோலும், உடைவாளும். 1707இல் பார்லிமெண்டுகள் இணைந்தபின் இவற்றை ஒரு பெட்டியில் வைத்து அறையைப் பூட்டிவிட்டார்கள். காலம் செல்லச் செல்ல அவை அங்கேதான் இருக்கின்றனவா என்பதே சந்தேகமாகிவிட்டது. நூறாண்டுக்குப் பின், 1818இல், உத்தரவு பெற்று அந்தப் பெட்டியைத் திறக்கச் செய்தவரும் அதே வால்டர் ஸ்காட்தான். துணியில் சுற்றி வைத்தது வைத்தபடியே இருந்த மகுடத்தைக் கண்டபோது தம் நாடு இன்னும் மறையவில்லை என்ற உணர்ச்சி அங்கிருந்தோர் உள்ளத்தில் எழுந்திருக்க வேண்டும். 2022இல் எலிசபெத் ராணியின் பிரேதப் பேழை இதே வீதியிலுள்ள செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தில் வைக்கப்பட்டபோது பேழையின் மேல் இருந்தது இந்த மகுடமே. அடுத்த ஆண்டு ஜூலையில் மூன்றாம் சார்ல்ஸ் மன்னருக்கு அதே ஆலயத்தில் சமர்ப்பிக்கப்பட்டதும் இதுவே.

பழைய வழிகாட்டி நூல்கள் கோட்டையில் இருப்பதாகக் கூறும் மற்றொரு பொருளை இப்போது அங்கே தேட வேண்டாம். ஸ்காட்லாந்து அரசர்கள் அமர்ந்து முடிசூட்டிக்கொண்ட கல்லை, 1296இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் பறித்துச் சென்று வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் பட்டாபிஷேக நாற்காலியில் பொருத்தினார். 1950ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் ஸ்காட்லாந்து மாணவர் நால்வர் அதை இரவோடிரவாக எடுத்து வந்ததும், சில மாதங்களில் அது ஆர்புரோத் மடத்தின் இடிபாடுகளில் கிடைத்து லண்டனுக்கு மீண்டதும், 1996இல் முறைப்படி ஸ்காட்லாந்துக்கே திருப்பி அளிக்கப்பட்டதும் அந்நாட்டுச் சிறுவரும் அறிந்த கதைகள். 2023இல் சார்ல்ஸ் மன்னரின் பட்டாபிஷேகத்துக்காக லண்டன் சென்று திரும்பிய அந்தக் கல், 2024 முதல் பெர்த் நகரக் காட்சிசாலையில் இருக்கிறது.

கோட்டையின் பீரங்கி பகல் ஒரு மணிக்கு முழங்குவதைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். லீத் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் தம் கடிகாரங்களைச் சரிப்படுத்திக்கொள்வதற்காக 1861இல் தொடங்கிய இந்த வழக்கம், ஞாயிற்றுக்கிழமையும் பெரிய வெள்ளியும் கிறிஸ்துமஸும் நீங்கலாக நாள்தோறும் நடைபெறுகிறது. வீதியில் இறங்கும்போது இரு புறமும் பிரியும் குறுகிய சந்துகளின் பெயர்ப் பலகைகளை நின்று வாசித்துப் பாருங்கள். அங்கே வாழ்ந்த வணிகரின் பெயரும் தொழிலின் பெயரும் அவற்றில் தங்கியிருக்கின்றன.

வீதியின் முடிவில் ஹோலிரூட். 1128இல் முதலாம் டேவிட் நிறுவிய துறவியர் மடத்தின் விருந்தினர் அறைகளில் தங்கிப் பழகிய அரசர்கள், நாளடைவில் மடத்தின் பக்கத்திலேயே மாளிகை எழுப்பிக்கொண்டார்கள். இன்று நாம் காணும் ஒழுங்கான முகப்பும் முற்றமும் பெரும்பாலும் இரண்டாம் சார்ல்ஸ் காலத்தவை. வடமேற்குக் கோபுரம் மட்டும் அதற்கும் முந்தியது. ஸ்காட்லாந்தின் மேரி ராணி வாழ்ந்த அறைகள் அந்தக் கோபுரத்தில் இருக்கின்றன. குறுகிய படிக்கட்டில் ஏறிச் சென்றால், இரவு உணவுக்கென்று ஒதுக்கப்பட்ட மிகச் சிறிய ஓர் அறையைக் காட்டுவார்கள். 1566 மார்ச் 9ஆம் தேதி இரவு, ராணி கர்ப்பவதியாக அங்கே உணவருந்திக்கொண்டிருக்கையில், அவருடைய கணவர் டார்ன்லியும் உடன்பட்ட சதிகாரர் சிலர் உள்ளே புகுந்து, ராணியின் அந்தரங்கக் காரியதரிசியாகிய டேவிட் ரிட்சியோ என்ற இத்தாலியரை அவர் கண்ணெதிரே இழுத்துச் சென்று குத்திக் கொன்றார்கள். அந்த அதிர்ச்சியைத் தாங்கிப் பிழைத்த தாய், மூன்று மாதங்களுக்குப் பின் ஜூன் 19 அன்று கோட்டையின் சிறு அறை ஒன்றில் ஓர் ஆண் மகவைப் பெற்றார். 1603இல் இரு ராஜ்யங்களுக்கும் மன்னரானவர் அந்தக் குழந்தைதான். கோட்டையில் அந்த அறையையும் ஹோலிரூடில் இந்த அறையையும் ஒரே நாளில் பார்த்தவருக்கு, இரு சிம்மாசனங்களும் ஒன்றான வரலாறு பாடநூலில் படித்ததைக் காட்டிலும் ஆழமாகப் பதிந்துவிடுகிறது.

அரண்மனைக்கு எதிரே 2004இல் திறக்கப்பட்ட புதிய பார்லிமெண்டுக் கட்டடம் இருக்கிறது. பத்திரிகைகள் ஹோலிரூட் ஒரு மசோதாவை நிறைவேற்றியதாக எழுதும்போது குறிப்பது இந்தச் சபையையே.

இனி உடைக்கு வருவோம். கிளான் எனப்படும் குலங்கள் வாழ்ந்த மலைநாட்டில், கட்டமிட்ட கம்பளித் துணியை இடுப்பில் மடித்துக் கட்டித் தோளின் மேலும் போர்த்திக்கொள்வது பழைய வழக்கம். 1746 ஏப்ரலில் கலோடன் யுத்தத்தில் தம் குடும்பத்துக்காகச் சிம்மாசனத்துக்கு உரிமை கோரிய சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் இளவரசரின் சேனை தோற்றபின், மலைநாட்டாரின் குல உணர்ச்சியை ஒடுக்கக் கருதிய அரசாங்கம், பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் நீங்கலாக ஆண்கள் எவரும் அவ்வுடையைத் தரிக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. 1782இல் சட்டம் நீங்கியபோது உடை பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்தது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பராவுக்கு விஜயம் செய்தார். அதற்கு முன் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக எந்த மன்னரும் ஸ்காட்லாந்தில் காலடி வைத்ததில்லை. வரவேற்பின் பொறுப்பை ஏற்ற வால்டர் ஸ்காட், பிரபுக்கள் எல்லாரும் தத்தம் குலத்துக்குரிய டார்டன் என்னும் கட்டமிட்ட துணியில் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ள, மன்னரும் கில்ட் என்னும் அந்த இடுப்புடையை அணிந்து சபையில் தோன்றினார். இன்று குலத்துக்கு ஒன்றாக நாம் காணும் டார்டன் வகைகள் பல அக்காலத்திலும் அதற்குப் பின்னும் உருப்பெற்றவை. இதைக் கொண்டு அவ்வழக்கம் போலியானது என்று தீர்ப்புக் கூறுவோர் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. தண்டனைக்கு அஞ்சி முப்பத்தாறு ஆண்டுகள் விட்டிருந்த ஓர் உடையை ஒரு ஜனசமூகம் தேடி எடுத்து, கல்யாணத்துக்கும் பட்டமளிப்புக்கும் உரிய உயர்ந்த உடையாக ஆக்கிக்கொண்டது என்றால், அதில் இருக்கும் பற்று உண்மையானதே. கில்ட் அணிந்தவரிடம் அதைப் பாவாடை என்று பொருள்படும் சொல்லால் ஒருபோதும் குறிப்பிடாதீர்கள்.

இந்தப் பற்றை அரச குடும்பமும் பகிர்ந்துகொண்டதற்குச் சாட்சி பால்மோரல். அபர்டீன்ஷயரில் டீ நதியின் கரையில் இருந்த பழைய மாளிகையை விக்டோரியா ராணியும் ஆல்பர்ட் இளவரசரும் 1848இல் குத்தகைக்கு எடுத்தார்கள். 1852இல் அந்த எஸ்டேட்டை விலைக்கு வாங்கி, 1856க்குள் கருங்கல்லால் புதிய கோட்டையைக் கட்டி முடித்தார்கள். அது முதல் கோடையின் கடைசியில் அரச குடும்பம் அங்கே தங்குவது மரபாயிற்று. எழுபது ஆண்டுகள் ஆண்ட எலிசபெத் ராணி 2022 செப்டம்பர் 8 அன்று இறுதி மூச்சு விட்டதும் அங்கேதான். 2024 கோடையில் உள் அறைகள் சில முதன்முறையாகப் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டன.

பால்மோரலுக்கு அருகிலுள்ள பிரேமார் கிராமத்தில் செப்டம்பர் முதல் சனிக்கிழமையன்று நடைபெறும் மலைநாட்டு விளையாட்டு விழாவுக்கு மன்னர் வருவது வழக்கம். விக்டோரியா ராணி முதன்முதல் வந்தது 1848இல். தோற்பையில் காற்றை நிரப்பிக் கையால் அமுக்கி வாசிக்கும் பைப் வாத்தியமும், வாள்களைத் தரையில் குறுக்காக வைத்து ஆடும் நடனமும், சங்கிலியின்றிக் கைப்பலத்தாலேயே வீசும் சம்மட்டியும் அங்கே உண்டு. நீண்ட மரத்தண்டைச் செங்குத்தாகத் தூக்கி எறியும் கேபர் போட்டியைப் பார்ப்பவர்கள், யார் தூரம் எறிந்தார் என்று கணக்கிடுகிறார்கள், அது தவறு. தண்டு தலைகீழாகப் புரண்டு, எறிந்தவரின் நேர் எதிரே, கடிகாரத்தில் பன்னிரண்டு என்ற எண் நிற்கும் திசையில் விழுந்தால்தான் முழு மதிப்பு.

குளிர்காலத்தில் செல்பவர்களுக்கு இரண்டு பண்டிகைகள் வாய்க்கும். டிசம்பர் 31ஆம் தேதி இரவை ஹாக்மனே என்று கொண்டாடுகிறார்கள். மதச் சீர்திருத்தத்துக்குப் பின் ஸ்காட்லாந்துத் திருச்சபை கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை விலக்கி வைத்ததால், 1958 வரை டிசம்பர் 25 அங்கே பொது விடுமுறையாகவே இல்லை. மக்களின் உற்சாகம் முழுவதும் புத்தாண்டுக்குச் சென்றது. நள்ளிரவுக்குப் பின் வீட்டுக்குள் முதலில் அடி வைப்பவர் கருங்கூந்தலுடைய ஆடவராக இருந்தால் ஆண்டு முழுவதும் சுபம் என்பது நம்பிக்கை. அவர் நிலக்கரித் துண்டையோ, ஷார்ட்பிரெட் என்னும் வெண்ணெய் ரொட்டியையோ, விஸ்கியையோ கையில் கொண்டுவர வேண்டும், வெறுங்கையோடு வரலாகாது.

ஜனவரி 25 ராபர்ட் பர்ன்ஸின் ஜன்மதினம். 1759இல் ஏர்ஷயரின் ஆலோவே கிராமத்தில் குடியானவர் மகனாகப் பிறந்து, முப்பத்தேழாம் வயதில் மறைந்த இந்தக் கவியை, மக்கள் பேசும் ஸ்காட்ஸ் மொழியிலேயே பாடினார் என்பதற்காக அந்நாடு உயிரினும் மேலாக நேசிக்கிறது. 1801இல் அவர் நண்பர்கள் சிலர் கூடி நடத்திய விருந்தே இன்று உலகெங்கும் நடக்கும் பர்ன்ஸ் விருந்துக்கு மூலம். ஆட்டின் இருதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றை ஓட்ஸ் மாவும் வெங்காயமும் மசாலையும் சேர்த்து வேகவைத்த ஹாகிஸைத் தட்டில் ஏந்தி வர, பைப் வாத்தியக்காரர் முன்னே நடப்பார். எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். ஒருவர் ஹாகிஸை விளித்துப் பர்ன்ஸ் பாடிய கவிதையைச் சொல்லி, உரிய அடி வந்ததும் கத்தியால் அதைக் கீறுவார். மாமிசம் உண்ணாதவர் தயங்க வேண்டியதில்லை. பருப்பும் காய்கறியும் கொண்டு செய்த சைவ ஹாகிஸ் கடைகளிலும் விருந்துகளிலும் தாராளமாகக் கிடைக்கிறது, முன்னதாகச் சொல்லிவிட்டால் போதும். முடிவில் பழைய நட்பைப் போற்றும் பாடலை எல்லாரும் வட்டமாகக் கைகோத்துப் பாடும்போது, கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொள்வது கடைசிச் சரணத்தில் மட்டுமே.

பேச்சைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். லண்டன் வானொலியில் கேட்டுப் பழகிய ஆங்கிலத்தை எடின்பராவில் எதிர்பார்க்கக் கூடாது. ஸ்காட்லாந்துக்காரர் ரகரத்தை எந்த இடத்திலும் விழுங்காமல் ஒலிப்பதால், நம் செவிக்கு அவர் பேச்சு பழகிய சில நாட்களில் தெளிவாகவே இருக்கும். ஆம் என்பதற்கு ஐ என்றும், சிறிய என்பதற்கு வீ என்றும், தேவாலயத்துக்குக் கிர்க் என்றும், ஏரிக்கு லாக் என்றும் அவர்கள் சொல்லுவதை முன்பே அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏரியைக் குறிக்கும் சொல்லின் இறுதி ஒலியை மட்டும் தொண்டையிலிருந்து உரசி எழுப்ப வேண்டும். அரண்மனைகளில் அறைக்கு அறை நிற்கும் காவலர்கள் கேள்வி கேட்பதை விரும்புகிறவர்கள். ஒவ்வோர் அறையிலும் ஒரு கேள்வியாவது ஆங்கிலத்தில் கேளுங்கள்; வகுப்பறையில் ஒரு வாரத்தில் கிடைக்காத அப்பியாசம் ஒரு பகலில் கிடைத்துவிடும்.

புறப்படுமுன் தேதிகளைக் கவனியுங்கள். மே மாதத்தில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மகாசபை கூடும்போது மன்னரின் பிரதிநிதி ஹோலிரூடில் தங்குகிறார். ஜூன் கடைசியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ மன்னரே வந்து ஒரு வாரம் தங்கித் தோட்ட விருந்து நடத்துகிறார். இந்த நாட்களில் அரண்மனை பொதுமக்களுக்கு மூடப்பட்டிருக்கும். ஆகஸ்டில் கோட்டை வாசலில் நடைபெறும் ராணுவ வாத்திய விழாவுக்கும் கலை விழாவுக்கும் உலகின் பல பாகங்களிலிருந்தும் ஜனங்கள் வந்து கூடுவதால் தங்குமிடம் கிடைப்பது அரிது. ஏப்ரல் கடைசி அல்லது செப்டம்பர் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுத்து, அரண்மனையின் அறிவிப்பில் திறந்திருக்கும் நாட்களைச் சரிபார்த்துக்கொண்டு, அதன் பிறகே ரயிலுக்கு டிக்கெட் வாங்குங்கள்.